பார்க்கின்சன் நோய்க்குச் சிகிச்சைக் குழு அமைப்பது எப்படி: எதை முதலில் செய்வது, எங்கே தவறுகிறது

பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம் வந்த ஒருவரை நாளடைவில் ஏழெட்டுப் பேர் பார்க்க வேண்டிவரும். நரம்பியல் மருத்துவர், குடும்ப மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், உணவியல் நிபுணர், மனநல மருத்துவர், மருந்துக்கடைக்காரர் என்று பட்டியல் நீளும். நம் ஊர்களில் இவர்கள் ஒரே கட்டடத்தில் கிடைப்பது அரிது. நரம்பியல் மருத்துவர் மாவட்டத் தலைநகரில் இருப்பார், பிசியோ தெருமுனையில் இருப்பார், ஸ்பீச் தெரபிஸ்ட் இன்னொரு ஊரில் இருப்பார். அவர்களை ஒரு குழுவாகச் சேர்க்கும் வேலை வீட்டார் தலையில்தான் விழுகிறது.

அந்த வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. நோய் உறுதியான மறுநாளே பலரும் பிசியோவைத் தேடி ஓடுகிறார்கள். மாத்திரை நேரம் சீராகும் முன் பயிற்சி தொடங்கினால், உடல் விறைத்திருக்கும் நேரத்தில் வந்து பார்த்துவிட்டு "ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார்" என்று எழுதிவிட்டுப் போவார் பிசியோ. நரம்பியல் மருத்துவர் நோயை உறுதிசெய்து, மூளையில் குறைந்துபோன டோபமைன் என்ற வேதிப்பொருளாக மாறும் லெவோடோபா மாத்திரையும் தொடங்கியாயிற்று என்று வைத்துக்கொண்டு இந்த வழிகாட்டி மேலே செல்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கோடு போட்ட நோட்டு ஒன்று, கையில் கட்டிப் பார்க்கும் டிஜிட்டல் பிபி கருவி, எடை பார்க்கும் கருவி, அலாரம் வைக்க ஒரு போன், ஒரு அங்குல அகலமுள்ள வண்ண ஒட்டுநாடா, எல்லாச் சீட்டுகளையும் தேதிவாரியாக அடுக்க ஒரு ஃபைல்.

மாத்திரைகளின் பெயரை எழுதிக்கொண்டு போனால் போதாது, அட்டைகளையே எடுத்துப் போங்கள். லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையில் அட்டையின் மேலுள்ள எண் இரண்டின் கூட்டுத்தொகை. சிண்டோபா 110 என்றால் லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 10. சிண்டோபா பிளஸ் என்றால் 100, 25. சிண்டோபா 275 என்றால் 250, 25. பிளஸ் இல்லையென்று கடையில் 110 கொடுத்தால், "அதே மாத்திரைதான்" என்று வாங்கி வந்துவிடுவோம். கார்பிடோபா குறைந்தால் லெவோடோபா மூளைக்குப் போகும் முன்பே உடைந்து குமட்டலைக் கிளப்பும். சிஆர் என்று போட்டது மெதுவாகக் கரையும் வகை. அதைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது.

நாட்டு மருந்து எடுக்கிறாரா என்று கேட்டு அதையும் எழுதுங்கள். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. சூரணமாக அதையும் சாப்பிட்டு மாத்திரையையும் போட்டால் கணக்கு இரட்டிக்கும், டாக்டருக்கோ பாதிதான் தெரியும்.

2. பொறுப்பாளர் ஒருவர்தான்

குழுவில் முதலில் நியமிக்க வேண்டியவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். எல்லாச் சந்திப்புக்கும் கூடப் போவது, நோட்டை எழுதுவது, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சேர்ப்பது எல்லாம் ஒரே ஆள் செய்ய வேண்டும்.

வழக்கமாக நடப்பது வேறு. மாத்திரை கொடுப்பது மருமகள். டாக்டரிடம் போவது மகன். முடிவு சொல்வது போனில் பேசும் வெளிநாட்டு மகள். மூன்று பேருக்கும் மூன்று கதை தெரியும். மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுப்பவர் யாரோ அவரே டாக்டர் அறைக்குள்ளும் போக வேண்டும். மற்றவர்கள் வெளியே உட்காரலாம். நோயாளி பேச முடிந்தவரை அவரே முதலில் பேசட்டும், பொறுப்பாளர் அதன் பிறகு விட்டதைச் சேர்க்கட்டும்.

3. ஏழு நாள் நேரக் கணக்கு

குழு முழுவதும் இந்த ஒரு தாளின் மேல்தான் நிற்கிறது. காலை எழுவதிலிருந்து இரவு தூங்கும் வரை அரை மணிக்கு ஒரு கட்டமாகக் கோடு போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கில் ஒன்று: ஆன், அதாவது மாத்திரை வேலைசெய்து உடல் இலகுவாக இருக்கும் நேரம். ஆஃப், விறைத்து மெதுவாகும் நேரம். ஆட்டம். தூக்கம். மாத்திரை போட்ட நேரத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் அதே வரிசையில் குறியுங்கள். முதல் முறை ஏழு நாள் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு சந்திப்புக்கும் முந்தைய மூன்று நாள் போதும்.

நடுக்கத்தையும் ஆட்டத்தையும் குழப்புவதுதான் இங்கே நேரும் பெரிய தவறு. நடுக்கம் ஒரே தாளத்தில் வரும். கை சும்மா மடியில் இருக்கும்போது அதிகம் தெரியும். டிஸ்கைனீசியா என்னும் ஆட்டம் அப்படியில்லை. உடல் நெளியும், தலை அசையும், கால் தானாக வளையும், பார்ப்பதற்கு ஏதோ கூத்தாடுவது போல இருக்கும். முன்னது பெரும்பாலும் மருந்து போதாமல் வருவது. பின்னது பெரும்பாலும் மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருவது. இரண்டையும் "ரொம்ப ஆடுது டாக்டர்" என்று ஒரே வார்த்தையில் சொன்னால், குறைக்க வேண்டிய மாத்திரை கூடிவிடும். சொல்வதை விட, ஆன் நேரத்தில் ஒரு நிமிடமும் ஆஃப் நேரத்தில் ஒரு நிமிடமும் போனில் வீடியோ எடுத்துக் காட்டுவது மேல்.

கணக்கு எழுதத் தொடங்கியதும் பல வீடுகளில் தெரியவருவது காலைக் காபி. பாலில் புரதம் இருக்கிறது. லெவோடோபா சிறுகுடலில் ஏறும் அதே வழியில்தான் புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களும் ஏறுகின்றன. பால் காபியோடு போட்ட ஆறு மணி மாத்திரை சிலருக்கு எட்டு மணி வரை வேலைசெய்யாது. மாத்திரையைத் தண்ணீரில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு அல்லது ஒரு மணி நேரம் கழித்துப் போடச் சொல்லுங்கள். தொடக்கத்தில் குமட்டினால் பாதி வாழைப்பழமோ ஒரு ரஸ்க்கோ கூடச் சாப்பிடலாம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

4. விலக்க வேண்டிய மருந்துகளின் அட்டை

நரம்பியல் மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது கணக்குத்தாளோடு இன்னொரு தாளையும் நீட்டுங்கள். "இவருக்கு எந்த மருந்து கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள்" என்று கேளுங்கள். ஏனென்றால் நிலைமை கெடுவது பெரும்பாலும் வேறு யாரோ, வேறு எதற்கோ எழுதிய மாத்திரையால்.

குமட்டலுக்கும் வாந்திக்கும் தரும் மெட்டோகுளோபிரமைடு, ப்ரோகுளோர்பெரசின். தலைசுற்றலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் சின்னரிசின், ஃப்ளுனரிசின். மனக்குழப்பத்துக்குப் போடும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலன்சபைன். இவை டோபமைன் போய் ஒட்ட வேண்டிய இடத்தை அடைத்துவிடும். நாம் கொடுக்கும் மாத்திரையிலிருந்து உண்டாகும் டோபமைன் வாசலிலேயே நிற்கும்.

பட்டியலில் தனியாகக் கோடிட வேண்டியது லெவோசல்பிரைடு. கேஸ் மாத்திரை என்று நாம் சாதாரணமாக விழுங்கும் கேப்ஸ்யூல்கள் பலவற்றில் ரபெப்ரசோலோடும் பான்டோப்ரசோலோடும் இது சேர்ந்திருக்கும். அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் பிராண்ட் பெயர்தான் இருக்கும். பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள். பார்க்கின்சன் இல்லாதவருக்கே இது பார்க்கின்சன் போன்ற விறைப்பைக் கொண்டுவரும்.

ரசாஜிலின், செலிஜிலின், சாஃபினமைடு என்ற பார்க்கின்சன் மாத்திரைகளில் ஒன்று எடுப்பவர் என்றால் டிரமடால் வலி மாத்திரையையும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் சிரப்பையும் அட்டையில் சேர்க்கச் சொல்லுங்கள். அட்டையின் நகல் மருந்துக்கடையில் ஒன்று, குடும்ப மருத்துவரிடம் ஒன்று, நோயாளியின் பர்ஸில் ஒன்று.

அட்டையில் எழுதிவிட்டார்களே என்று பழைய மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். எதற்கு மாற்றாக எது என்று டாக்டரே சொல்லட்டும்.

5. பிபியும் மலச்சிக்கலும்: இது குடும்ப மருத்துவர் வேலை

பிசியோவுக்கு முன் இதை முடிக்க வேண்டும், ஏனென்றால் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறவரை நடக்கவைக்க முடியாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிபி பாருங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பத்து வருடமாகப் போடும் பிபி மாத்திரை இப்போது அதிகமாகியிருக்கலாம். நோயும் லெவோடோபாவும் இரண்டுமே பிபியை இறக்கும். உட்காரவைத்து மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

மலச்சிக்கலை வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிறார்கள். இந்த நோயில் அது நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிடும். வயிறு மந்தமானால் மாத்திரை சிறுகுடலுக்குப் போய்ச் சேரவும் தாமதமாகும். தண்ணீர், நார்ச்சத்து, தேவைப்பட்டால் இசப்கோல் அல்லது மேக்ரோகால். இசப்கோலைக் குறைந்த தண்ணீரில் குடித்தால் அடைப்பு அதிகமாகும். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

6. பிசியோதெரபி: எப்போது, எதைக் கேட்டு

இந்த இடத்துக்கு வர மூன்று நான்கு வாரம் ஆகியிருக்கும், பரவாயில்லை. கணக்குத்தாளைப் பார்த்து, மாத்திரை போட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஆன் வருகிறது என்றால் அந்த நேரத்துக்கே பிசியோவை வரச் சொல்லுங்கள். ஒரே ஒரு முறை ஆஃப் நேரத்திலும் பார்க்கட்டும். விடியற்காலையில் கட்டிலிலிருந்து எழுவதைப் பார்த்தால்தான் எதற்குப் பயிற்சி வேண்டும் என்று அவருக்குப் புரியும்.

"நடை சரியாகணும்" என்று கேட்காதீர்கள். கட்டிலில் தானாகப் புரண்டு படுக்க வேண்டும், கழிவறைக் கதவருகே கால் ஒட்டிக்கொள்ளாமல் உள்ளே போக வேண்டும் என்று இரண்டே காரியம் சொல்லுங்கள்.

கரண்ட் வைப்பது, மெழுகு ஒத்தடம் இவற்றிலேயே வாரங்கள் கழிந்தால் கேள்வி கேளுங்கள். தோள்பட்டை இறுக்க வலிக்கு அவை கொஞ்சம் உதவலாம். பார்க்கின்சனின் சிக்கல் அசைவு சிறுத்துப்போவது. அதற்கு மருந்து பெரிய அசைவுகள்: கையை அகல வீசி நடப்பது, நாற்காலியிலிருந்து கைப்பிடி தொடாமல் எழுந்து உட்காருவது, அகல வட்டமடித்துத் திரும்புவது. நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும்போதுதான் விழுகிறார்கள்.

கால் தரையில் ஒட்டிக்கொள்ளும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் மேலுடல் முன்னால் வரும், கால் வராது. நிற்கச் சொல்லுங்கள். நிமிரச் சொல்லுங்கள். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றச் சொல்லுங்கள். "ஒன்று, இரண்டு" என்று எண்ணி ஓர் அடி எடுக்கச் சொல்லுங்கள். அடிக்கடி ஒட்டும் இடத்தில் வண்ண நாடாவைக் குறுக்காக ஒட்டுங்கள். அவர் நன்றாக நடக்கும்போது வைக்கும் அடியின் நீளம்தான் இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. நடக்கும் தாளம் மூளைக்குள்ளிருந்து வராதபோது கண்ணும் காதும் வெளியிலிருந்து அதைக் கொடுக்கின்றன. இதே காரணத்தால் நடக்கும்போது அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

வாக்கரை இரவல் வாங்கிக் கொடுப்பதும் அடிக்கடி நடக்கிற தவறு. தூக்கி வைத்து நடக்கும் நாலுகால் வாக்கர் ஒவ்வோர் அடிக்கும் நடையை உடைக்கும், தூக்கும்போது சிலர் பின்பக்கம் சாய்வார்கள். சக்கரம் வைத்தது, வேகம் கட்டுப்படாமல் ஓடுகிறவரை இழுத்துக்கொண்டு போகும். எது என்பதை பிசியோ நடக்கவைத்துப் பார்த்துச் சொல்லட்டும்.

முதல் நாளே இரண்டு அளவுகளை எடுக்கச் சொல்லுங்கள்: ஐந்து முறை உட்கார்ந்து எழ எத்தனை நொடி, நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பிவந்து உட்கார எத்தனை நொடி. மாதம் ஒரு முறை, ஒரே மாத்திரை நேரத்தில் எடுத்தால் ஒப்பிடலாம்.

வீட்டுக்கு வந்து பார்க்க ஆள் கிடைக்காத ஊரானால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியலாம்.

7. பேச்சும் விழுங்குதலும்

ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் திக்குவாய்க் குழந்தைகளுக்கு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. இங்கே அவருக்கு இரண்டு வேலை.

முதலாவது குரல். நோயாளிக்குத் தம் குரல் இறங்கியது தெரியாது. வழக்கமான சத்தத்தில் பேசுவதாகவே நினைப்பார், "உங்களுக்குத்தான் காது கேட்கவில்லை" என்பார். எல்எஸ்விடி லவுட் என்ற பயிற்சி இதற்கென்றே உள்ளது. வாரம் நான்கு நாள், நான்கு வாரம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், ஆக 16 அமர்வு. வாரம் ஒரு முறை வைத்து 16 வாரத்துக்கு இழுத்தால் அது வேறு பயிற்சி. உள்ளூரில் ஆளில்லாவிட்டால் வீடியோ அழைப்பிலும் செய்யலாம்.

இரண்டாவது, உயிரோடு தொடர்புள்ளது, விழுங்குதல். தண்ணீர் குடித்தால் இருமல், சாப்பிட்டபின் தொண்டையில் களகளவென்ற குரல், சாப்பிட அரை மணிக்கு மேலாவது, காரணமில்லாமல் எடை குறைவது, திரும்பத் திரும்பச் சளிக் காய்ச்சல். இதில் ஒன்றிருந்தாலும் போய்க் காட்டுங்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் வரும் நிமோனியாதான் பிற்கட்டத்தில் பெரிய ஆபத்து.

நிறைய ரசம் ஊற்றிய சாதம் எளிது என்று நினைத்துக் கொடுக்கிறார்கள். நீர் முன்னால் ஓடும், பருக்கை பின்தங்கும். இரண்டையும் ஒரே வாயில் சமாளிப்பது விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு மிகக் கடினம். குழைந்த கெட்டித் தயிர்சாதமோ கேழ்வரகுக் கூழோ மேல். எந்தக் கெட்டி அவருக்குச் சரி என்று சோதித்தே முடிவு செய்ய வேண்டும். ஆன் நேரத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். டிவியை அணையுங்கள்.

8. வீடு, உணவு

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கிடைத்தால் ஒரு முறை வீட்டுக்கு அழையுங்கள். கிடைக்காவிட்டால் பிசியோவே பார்க்கலாம். கழிவறையில் மேற்கத்திய இருக்கையும் சுவரில் பதித்த கைப்பிடியும், மிதியடிகளை எடுத்துவிடுவது, இரவு விளக்கு, காலில் சிக்காத உடை. தரையில் புரளும் வேட்டியும் நைட்டியும் விழவைக்கும். கையெழுத்துச் சிறுத்துப்போவது இந்த நோயின் அடையாளம். காசோலை திரும்பிவரும் முன்பே வங்கியில் மாதிரிக் கையெழுத்தை மாற்றிவிடுங்கள்.

உணவில் சொல்ல வேண்டியது ஒன்றே. புரதம் மாத்திரையைத் தடுக்கிறது என்று கேள்விப்பட்டதும் பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். அளவைக் குறைக்கக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் தேவை. ஆன், ஆஃப் ஏற்ற இறக்கம் உள்ளவர்களுக்கு மட்டும், பெரும்பகுதியை இரவு உணவுக்குத் தள்ளிப் பார்க்கலாம், அதுவும் உணவியல் நிபுணர் கணக்குப் போட்டபின். வாரம் ஒரு முறை எடை எழுதுங்கள்.

9. மனம், தூக்கம், சொல்லத் தயங்குபவை

மனச்சோர்வும் பதற்றமும் நோயின் பகுதி. "வயசாச்சுல்ல" என்று விடக் கூடாது. தூக்கத்தில் கத்துவது, உதைப்பது உண்டா என்பதைப் பக்கத்தில் படுப்பவரிடம் கேட்டு எழுதுங்கள்.

பிரமிபெக்சோல், ரோபினிரோல் என்ற பார்க்கின்சன் மாத்திரைகளை எடுப்பவர்களில் சிலருக்கு அடக்க முடியாத ஆசைகள் கிளம்பும்: ஆன்லைன் ரம்மி, கணக்கில்லாமல் பொருள் வாங்குவது, ஓயாமல் தின்பது, பாலுணர்வு மிகுவது. குணம் கெட்டுவிட்டது என்று வீட்டில் சண்டை நடக்கும், டாக்டருக்குச் செய்தி போகாது. மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். அதையும் மெல்லத்தான் குறைக்க வேண்டும். பொறுப்பாளர் இதைத் தனியாக, ஆள் இல்லாத நேரத்தில் கேட்க வேண்டும்.

இல்லாத குழந்தைகளும் ஆட்களும் தெரிகிறார்கள் என்று திடீரெனச் சொன்னால், முதலில் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று சோதியுங்கள். பராமரிப்பவருக்கே மனம் தளர்ந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம்.

10. எல்லோரையும் ஒரே தாளில் சேர்ப்பது

ஒரு பக்கத் தாள். மேலே மாத்திரை நேரம், நடுவே விலக்க வேண்டிய மருந்துகள், கீழே ஒவ்வொருவரும் தேதி போட்டு மூன்று வரி. யாரிடம் போனாலும் முதலில் இதை நீட்டுங்கள். வாட்ஸ்அப் குழு வைத்தால் படத்தை அதில் போடலாம். குழுவில் டாக்டர்கள் பேசுவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், பேசமாட்டார்கள்.

ஒரு விதியை எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்: பார்க்கின்சன் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றுவது நரம்பியல் மருத்துவர் ஒருவரே. மற்றவர்கள் கவனித்ததை எழுதலாம்.

நிலைமை சீராக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழுப் பரிசீலனை. நாளைக்கு ஐந்து வேளையோ அதற்கு மேலோ லெவோடோபா, இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆஃப், ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தொந்தரவான ஆட்டம், இவற்றில் ஒன்று வந்தாலும் மூளை ஆழத் தூண்டல் அறுவைச் சிகிச்சை போன்ற அடுத்த கட்டத்தைப் பற்றிக் கேட்கும் நேரம் அது. கணக்குத்தாள் இருந்தால் இந்த எண்கள் உங்கள் கையிலேயே இருக்கும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சன் இடம்பெற்றிருக்கிறது. யூடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது ஆஃப் நேர வீடியோவும் இந்தத் தாளும் உதவும். ஆன் நேரத்தில் நேரில் போய் நின்றால் பாதிப்பு பாதிகூடத் தெரியாது.

11. ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால்

இடுப்பெலும்பு முறிவுக்கோ காய்ச்சலுக்கோ சேர்ப்பார்கள். வார்டில் மாத்திரை காலை, மதியம், இரவு என்று மூன்று வேளைக்கு மாறிவிடும். சொன்ன நேரத்துக்கு அரை மணிக்குள் லெவோடோபா கிடைக்காவிட்டால் விறைப்பு ஏறும், விழுங்க முடியாது, அடுத்த வேளையும் தவறும். திடீரென முழுவதும் நின்றால் கடும் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாகலாம்.

அறுவைக்கு முன் வெறும் வயிறு என்றால், கொஞ்சம் தண்ணீரோடு மாத்திரை போடலாமா என்று மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வாயால் முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாகவோ வேறு வழியிலோ கொடுப்பது பற்றி நரம்பியல் மருத்துவரிடம் போனில் பேச வையுங்கள். குழாயில் சிஆர் மாத்திரையைப் பொடித்துப் போடக் கூடாது.

பை ஒன்று எப்போதும் தயாராகக் கதவருகே தொங்கட்டும்: ஒரு வார மாத்திரை அதன் அட்டையோடு, ஒரு பக்கத் தாளின் மூன்று நகல், அலாரம் வைத்த பழைய போன். ஒரு நகலைக் கேஸ் ஷீட்டில் குத்தச் சொல்லுங்கள், ஒன்றைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டுங்கள், மூன்றாவது இரவுப் பணி நர்ஸ் கையில்.